‘தென்படவில்லை’ என்ற சொல்லின் வரலாறு

கொங்கு நாட்டு நீர் – வரலாற்றுத் தொடர் 11

கொங்கு நாட்டில் தண்ணீரின் தரத்தைச் சொன்ன முதல் கருவி நாக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இந்தப் பாறை நிலத்தில் கிணற்றுக்குக் கிணறு ருசி மாறும். ஒரே தோட்டத்தில் ஒரு கிணறு நல்ல தண்ணீராகவும் கூப்பிடு தூரத்தில் உள்ள இன்னொன்று உப்புத் தண்ணீராகவும் இருக்கும். பருப்பு வேகாத தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர், குடத்தின் உட்புறம் வெள்ளை படியும் தண்ணீர் என்று வீட்டில் புழங்கியவர்கள் அவற்றை வகை பிரித்து வைத்திருந்தார்கள். வேதியியலும் இந்தப் பிரிப்பை ஒப்புக்கொள்கிறது. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீரில் பருப்பு இறுகும், சோப்பு திரியும், காய்ச்சினால் சுண்ணாம்பு படியும்.

இந்தக் கருவிக்கு ஓர் எல்லை உண்டு. குளோரைடு லிட்டருக்கு ஏறத்தாழ 250 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் நீர் கரிக்கத் தொடங்குகிறது. பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடுக்கு இந்தியத் தரம் தரும் உச்ச வரம்பு 1.5 மில்லிகிராம். அந்த அளவை எந்த நாக்காலும் உணர முடியாது. ஈயத்தின் வரம்பு 0.01 மில்லிகிராம். ஒரு பூச்சிமருந்துக்குப் புட்டிக் குடிநீரில் அனுமதிக்கப்படும் அளவு 0.0001 மில்லிகிராம். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றை வைத்துக் கணக்கிட்டால் அளவுகள் கைக்குப் பிடிபடும். கரிக்கத் தொடங்கும் லாரித் தண்ணீரில் 3 கிலோ குளோரைடு இருக்கும். ஃபுளோரைடு வரம்பைத் தொட 18 கிராம் போதும். ஈயத்துக்கு 120 மில்லிகிராம். பூச்சிமருந்துக்கு 1.2 மில்லிகிராம், அதாவது ஒரு கடுகின் எடைகூட வராது.

மூன்று கிலோவிலிருந்து கடுகுக்கும் கீழே இறங்கிவர ஆய்வகங்களுக்கு ஒன்றரை நூற்றாண்டு ஆனது. இறங்கிய ஒவ்வொரு படியிலும் ஆய்வறிக்கையில் வரும் ‘தென்படவில்லை’ என்ற சொல்லுக்குப் பொருள் மாறியது. கொங்கு நாட்டுத் தண்ணீரின் வழக்குகள், திட்டங்கள், சண்டைகள் எல்லாவற்றிலும் அந்தச் சொல்லுக்குப் பங்கு உண்டு.

துளி எண்ணிய காலம்

நீரை அளந்து சோதிக்கும் முறைகளில் பழையவை 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பிறந்தவை. ஸ்காட்லாந்தின் தாமஸ் கிளார்க், சோப்புக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நுரை நிலைக்கும்வரை எவ்வளவு செலவானது என்பதை வைத்து நீரின் கடினத்தன்மையை எண்ணாக்கினார். வீட்டுப் பெண்கள் கண்ணால் செய்த சோதனைக்கு அவர் அளவுகோல் கொடுத்தார் என்று சொல்லலாம். ஜெர்மானியரான கார்ல் ஃபிரெட்ரிக் மோர் 1856இல் வெளியிட்ட குளோரைடு சோதனை இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் நடக்கிறது.

மோர் முறையில் கூம்புக் குடுவையில் அளந்த நீரை எடுத்து, பொட்டாசியம் குரோமேட்டைச் சில துளிகள் விடுவார்கள். நீர் எலுமிச்சை மஞ்சளாகும். மேலே பியூரெட்டில் வெள்ளி நைட்ரேட்டு. துளி விழும்போதெல்லாம் பால் கலந்ததுபோல் வெண்மை கிளம்பும். அது குளோரைடும் வெள்ளியும் சேர்ந்த வீழ்படிவு. குளோரைடு தீர்ந்த பிறகு விழும் முதல் துளிக்கு வேலை இல்லை. அது குரோமேட்டுடன் சேர்ந்து செங்கல் நிறம் காட்டும். குடுவையைச் சுழற்றியும் அந்த நிறம் மறையாவிட்டால் அங்கே நிறுத்த வேண்டும். வழக்கமான செறிவில் ஒரு மில்லிலிட்டர் வெள்ளி நைட்ரேட்டு அரை மில்லிகிராம் குளோரைடைக் காட்டும். எனவே 100 மில்லிலிட்டர் நீருக்கு ஒரு மில்லிலிட்டர் செலவானால் லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்று கணக்கு. இதற்கு மின்சாரமே தேவையில்லை, சூரிய வெளிச்சத்தில் செய்துவிடலாம்.

அதே 1856இல் யூலியஸ் நெஸ்லர் அம்மோனியாவைக் காட்டும் கரைசலை உருவாக்கினார். அம்மோனியா இருந்தால் நீர் மஞ்சளாகவும், மிகுந்தால் பழுப்பாகவும் மாறும். அளவு தெரிந்த நீர்களை வரிசையாகக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, மேலிருந்து பார்த்து, சோதிக்கும் நீரின் நிறம் எந்தக் குழாயோடு ஒத்துப்போகிறது என்று முடிவு சொன்னார்கள். நிறத்தின் அடர்வு பொருளின் அளவைச் சொல்லும் என்ற இந்த எண்ணமே அடுத்த நூறு ஆண்டுகளின் நீர்ச் சோதனைக்கு அடித்தளமானது. முறைகள் ஊருக்கு ஊர் வேறுபட்டதால் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் 1905இல் ஒரு தர முறைத் தொகுப்பை வெளியிட்டது. உலகின் நீர் ஆய்வகங்கள் இன்றும் அதன் புதிய பதிப்புகளையே மேசையில் வைத்திருக்கின்றன.

சென்னை மாகாணத்தில் இந்த வேலையின் மையம் கிண்டி. 1899இல் தொடங்கிய கிங் நோய்த்தடுப்பு நிறுவனம் அம்மைப்பால் தயாரிப்போடு நீர் ஆய்வையும் வளர்த்தது. கோவையில் வேளாண் கல்லூரியின் வேதியியல் பிரிவு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மண்ணையும் பாசன நீரையும் பகுத்தறியும் மரபை உண்டாக்கியது. இவ்விரு மரபுகளும் பின்னாளில் கொங்கு நாட்டுத் தண்ணீரில் வந்து சேர்ந்தன.

நிறம் வெளுத்த நீர்

சேலம், தர்மபுரி வட்டாரங்களில் பழுப்புக் கறை படிந்த பல் புதிதல்ல. நடுவயதிலேயே முதுகு வளையாமல், கழுத்து திரும்பாமல் முடங்கியவர்களும் இருந்தார்கள். காரணம் பாறையில் இருந்தது. இங்குள்ள கிரானைட்டு, நைஸ் பாறைகளின் கனிமங்களில் ஃபுளோரின் உண்டு. நிலத்தடி நீரில் பைகார்பனேட்டு மிகுந்து கால்சியம் குறைந்திருந்தால் அந்த ஃபுளோரின் எளிதாகக் கரைந்து வெளிவரும். கிணறு ஆழமாகி ஆழ்துளைக் கிணறானபோது நீர் பாறையோடு கிடக்கும் காலமும் கூடியது.

நீருக்கும் பல்லுக்கும் உள்ள தொடர்பு அமெரிக்காவில் முதலில் வெளிப்பட்டது. கொலராடோவின் பல் மருத்துவர் ஃபிரெட்ரிக் மெக்கே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பழுப்புப் பல்லின் காரணத்தைத் தேடினார். நீரில்தான் ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. வழக்கமான சோதனைகளில் எதுவும் தென்படவில்லை. 1931இல் ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் எச்.வி.சர்ச்சில், நிறமாலை கொண்டு நீரின் எச்சத்தை ஆராய்ந்தபோது ஃபுளோரைடின் கோடுகள் தெரிந்தன. ஆர்கன்சாவின் பாக்சைட் ஊர் நீரில் லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் இருந்தது. அதுவரை நீர்ச் சோதனைப் பட்டியலில் ஃபுளோரைடு என்ற வரியே கிடையாது. தேடும் பட்டியலில் இல்லாத பொருளை எந்தச் சோதனையும் காட்டாது.

ஆறே ஆண்டுகளில் இந்தச் செய்தி சென்னை மாகாணத்தில் பலன் தந்தது. கிங் நிறுவனத்தின் எச்.ஈ.ஷார்ட், சி.ஜி.பண்டிட், டி.என்.எஸ்.ராகவாச்சாரி ஆகிய மூவர் 1937இல் நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களில் முடக்கும் நோய்க்குக் குடிநீர் ஃபுளோரைடே காரணம் என்று எழுதினார்கள். மனிதரிடையே பரவியிருந்த ஃபுளோரைடு நோயைப் பற்றிய இந்தியாவின் முதல் அறிக்கை அது. ஷார்ட் பின்னர் மலேரியாக் கிருமி ஈரலில் ஒளிந்திருப்பதைக் கண்டறிந்தவர்களில் ஒருவரானார். பண்டிட் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரானார்.

அக்காலத்தில் ஃபுளோரைடை அளக்கக் கிடைத்த வழி நிறம். சிர்கோனியமும் அலிசரின் சாயமும் சேர்ந்தால் செந்நிறக் கூட்டு உண்டாகும். ஃபுளோரைடு சேர்ந்தால் சிர்கோனியத்தைத் தன்பக்கம் பறித்துக்கொள்ளும், சிவப்பு வெளுத்து மஞ்சளுக்குத் திரும்பும். மற்ற சோதனைகளில் பொருள் கூடக்கூட நிறம் ஏறும். இதில் ஃபுளோரைடு கூடக்கூட நிறம் இறங்கும். 1958இல் வந்த ஸ்பாட்ன்ஸ் என்ற சாயம் இதே விதியை விரைவாக்கியது. கண்ணுக்குப் பதிலாக நிறமானி 570 நானோமீட்டர் அலைநீளத்தில் வெளிச்சத்தை அளந்தது. கிராமங்களில் இன்று பயன்படும் கள ஆய்வுப் பெட்டியிலும் இதே வேதியியல்தான். சில துளி விட்டதும் இளஞ்சிவப்பு மஞ்சளாகும், அட்டையில் அச்சிட்ட நிறங்களோடு ஒப்பிட வேண்டும்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. நீரில் அலுமினியம் இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாயத்தை வெளுக்க ஃபுளோரைடு குறைவாகவே கிடைக்கும், அளவு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். 1970களில் நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறை, படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃபுளோரைடை இறக்குவது. படிகாரம் அலுமினிய உப்பு. சுத்திகரித்த நீரில் அலுமினியம் எஞ்சியிருக்கும் நிலையில் வெறும் நிறச் சோதனை செய்தால் சுத்திகரிப்பு உண்மையைவிட நன்றாக நடந்ததாகத் தோன்றும். இதைத் தவிர்க்க மாதிரியை முன்கூட்டியே காய்ச்சி வடிக்கும் வழக்கம் வந்தது.

1966இல் மார்ட்டின் ஃபிராண்ட், ஜேம்ஸ் ராஸ் இருவரும் லாந்தனம் ஃபுளோரைடு படிகத்தால் ஆன மின்முனையை அறிவித்தார்கள். அந்தப் படிகத்தின் வழியே ஃபுளோரைடு அயனி மட்டுமே நகரும். நீரில் முக்கினால் மின்னழுத்தம் மாறும், அதிலிருந்து அளவு கிடைக்கும். ஒரு தாங்கல் கரைசலைச் சேர்த்தால் அலுமினியம் பிடித்து வைத்த ஃபுளோரைடும் விடுபட்டு வந்துவிடும். நிறம் கலங்கிய நீரையும் இதில் சோதிக்கலாம்.

கிராமம் கிராமமாகக் கிடைத்த எண்கள் கடைசியில் ஒரு பொறியியல் முடிவுக்கு இட்டுச் சென்றன. கிணறுகளை ஒவ்வொன்றாகச் சுத்திகரிப்பதைக் கைவிட்டு, தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுபோகும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு தீட்டப்பட்டது. 2008இல் அடிக்கல் நாட்டிய அத்திட்டம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் பெயரிலேயே ‘ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு’ என்ற சொற்கள் உண்டு.

நொய்யலின் உப்பு

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் நொய்யலில், ஆய்வகம் எதிர்கொண்ட கேள்வி வேறு. இங்கே பாறை குற்றவாளி அல்ல, திருப்பூர்ப் பனியன்.

பருத்தித் துணிக்கு ஏற்ற வினைச்சாயங்கள் 1956இல் சந்தைக்கு வந்தன. அவை துணியோடு வேதிப் பிணைப்பு கொள்வதால் துவைத்தாலும் போகாது. ஆனால் நீரில் கரைந்த சாயத்தை நூலின் பக்கம் தள்ள ஏராளமான உப்பு வேண்டும். அடர் நிறத்துக்குச் சாயத்தொட்டியில் லிட்டருக்கு 50 கிராமும் அதற்கு மேலும் போடுவார்கள். கடல்நீரில் உள்ளது 35 கிராம். ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் நீர் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோ பனியன் துணிக்கு அரைக் கிலோ உப்பு. சாயம் துணியில் தங்கும். உப்பில் ஒரு துகளும் தங்காது, அத்தனையும் சாயத் தண்ணீரோடு வெளியேறும்.

1980களிலும் 90களிலும் ஏற்றுமதி பெருகியபோது சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நொய்யல் கரையில் நூற்றுக்கணக்கில் பெருகின. சென்னிமலைக்கு அருகே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்து, சாயக்கழிவு தேங்கும் குளமாக மாறியது. திறந்துவிட்டால் நிலம் பாழாகும் என்பதால் அணையைத் திறக்க வேண்டாம் என்று பாசனக்காரர்களே கேட்கும் நிலை வந்தது.

சாயக்கழிவு நீதிமன்றத்துக்குப் போனபோது ஆய்வகம் தேடியது நுண்ணளவுப் பொருளை அல்ல. நீதிமன்ற வாதங்களில் திரும்பத் திரும்ப வந்தது டி.டி.எஸ். என்ற மொத்தக் கரைதிட அளவு. அதை அளக்கும் மூல முறை எளிமையானது. நீரை வடிகட்டி, எடை பார்த்த கிண்ணத்தில் ஊற்றி, ஆவியாக்கி, 180 டிகிரி செல்சியசில் உலர்த்தி, மறுபடி எடை பார்க்க வேண்டும். கூடிய எடையே கரைந்திருந்த பொருள். ஆற்றில் விடும் கழிவுநீருக்கு வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம்.

உப்பைக் கொண்டு வழக்கு நின்றதற்கு வேதியியல் காரணம் இருந்தது. சாயம் வெயிலில் சிதையும், களிமண்ணில் ஒட்டும், நுண்ணுயிர்களால் உருமாறும். உலோகங்கள் சேற்றில் படியும். குளோரைடு மட்டும் எதிலும் ஒட்டாமல், எதோடும் வினைபுரியாமல் நீரோடு ஓடிக் கிணற்றுக்குள் புகும். அது மாசின் காலடித் தடம். மேலும் அதை அளப்பதில் தகராறுக்கு இடம் குறைவு. விவசாயி அனுப்பிய மாதிரியும் ஆலை அனுப்பிய மாதிரியும் ஒரே நீரானால் ஒரே எண்தான் வரும்.

சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2009இல் அதை உறுதி செய்தது. நிபந்தனை நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர் சவ்வு வடிகட்டலும் ஆவியாக்கிகளும் கொண்டு நீரையும் உப்பையும் மீட்டுப் பயன்படுத்தும் நிலையங்களோடு தொழில் மீண்டது.

டி.டி.எஸ். அளவின் இந்த வெற்றிக்குப் பக்கவிளைவு ஒன்று உண்டு. நீரின் மின்கடத்தும் திறனை அளந்து, ஒரு காரணியால் பெருக்கி டி.டி.எஸ். எண்ணைக் காட்டும் பேனா வடிவக் கருவி வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. ஆர்.ஓ. இயந்திரம் விற்பவர் அதைத் தம்ளரில் முக்கி எண்ணைக் காட்டுவதே சோதனை என்று ஆகிவிட்டது. 400 காட்டும் நீரில் 2 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தாலும் அந்தப் பேனாவால் பிரித்துச் சொல்ல முடியாது. ஈயமும் பூச்சிமருந்தும் அதன் கணக்கிலேயே வராது.

நுண்ணளவைத் தேடும் திறமை இதே திருப்பூருக்கு வேறு வாசல் வழியாக வந்தது. சில அசோ சாயங்கள் சிதைந்து புற்றுநோய் தரும் அமீன்களை வெளிவிடுவதால் ஜெர்மனி 1990களின் நடுவில் அவற்றைத் தடை செய்தது. இந்தியாவும் 1997இல் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. ஏற்றுமதித் துணியின் ஒரு துண்டை வெட்டி, சாயத்தை வேதிமுறையில் உடைத்து, கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்பில் அமீனைத் தேடும் கருவிகள் கொங்கு நாட்டு ஆய்வகங்களில் வேலைக்கு வந்தன. வாங்குபவர் கேட்டதால் துணிக்கு வந்த அந்தத் துல்லியம், துணியை அலசிய தண்ணீருக்கு அதே வேகத்தில் வரவில்லை.

சுடரில் உலோகம்

கோவையின் பம்பு, மோட்டார், வார்ப்படத் தொழில்களோடு முலாம் பூசும் பட்டறைகளும் வளர்ந்தன. ஈரோட்டில் தோல் பதனிடும் தொழில். இவற்றின் கழிவில் குரோமியம், நிக்கல், துத்தநாகம் போன்றவை இருக்கும். குரோமியத்தின் நச்சு வடிவமான ஆறிணைதிறன் குரோமியத்துக்கு நல்ல நிறச் சோதனை உண்டு. அமில நீரில் டைஃபினைல்கார்பசைடைச் சேர்த்தால் கத்தரிப்பூ நிறம் வரும். ஆனால் நச்சு குறைந்த மூவிணைதிறன் குரோமியம் அதில் தெரியாது. குடிநீர்த் தரமோ மொத்தக் குரோமியத்துக்கு 0.05 மில்லிகிராம் என்று வரம்பிடுகிறது. ஆகவே ‘குரோமியம் இல்லை’ என்ற அறிக்கையை, எந்த வடிவத்தைத் தேடினார்கள் என்று தெரியாமல் படிக்க முடியாது.

ஆஸ்திரேலியாவின் ஆலன் வால்ஷ் 1955இல் முன்வைத்த அணு உட்கவர் நிறமாலை முறை, உலோகச் சோதனையைச் சாயங்களிடமிருந்து விடுவித்தது. நீரைச் சுடருக்குள் பனிபோலத் தெளித்தால் உலோகம் தனி அணுக்களாகப் பிரியும். ஈயத்தைத் தேட ஈயத்தாலேயே ஆன விளக்கின் ஒளியைச் சுடரின் ஊடே செலுத்துவார்கள். சுடரில் ஈய அணுக்கள் இருந்தால் தமக்குரிய அந்த ஒளியை விழுங்கும். குறைந்த ஒளியே அளவு. ஒவ்வோர் உலோகத்துக்கும் தனித்தனி விளக்கு வேண்டும்.

சுடருக்குள் அணு நிற்கும் நேரம் கண்ணிமைப்பைவிடக் குறைவு என்பதால் மிகச் சிறிய அளவுகள் நழுவிவிடும். லெனின்கிராடின் போரிஸ் லிவோவ் 1959இல் தொடங்கிய கரிக்குழாய் உலை முறை, ஒரு சொட்டுக்கும் குறைவான நீரைக் குழாய்க்குள் வைத்து 2,000 டிகிரிக்கு மேல் சூடாக்கி அணுக்களைச் சற்று நேரம் அடைத்து வைத்தது. 1980இல் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்திலிருந்து ஹூக்கும் தோழர்களும் அறிவித்த பிளாஸ்மா நிறைநிறமாலை முறை, ஒரே ஓட்டத்தில் பல உலோகங்களை மைக்ரோகிராமுக்கும் கீழே எண்ணியது.

இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500இன் எண்களும் கீழே இறங்கின. 1991 பதிப்பில் ஈயத்துக்கு 0.05, காட்மியத்துக்கு 0.01 மில்லிகிராம். 2012 பதிப்பில் ஈயம் 0.01, காட்மியம் 0.003. மருத்துவச் சான்று வலுத்தது ஒரு காரணம். அவ்வளவு சிறிய அளவை நம்பிக்கையோடு அளக்க முடிந்தது மற்றொன்று.

கருவி கூர்மையாகக் கூர்மையாக ஆய்வகமே மாசின் ஊற்றாகத் தெரியத் தொடங்கியது. பூமியின் வயதைக் கணக்கிட்ட அமெரிக்கரான கிளேர் பேட்டர்சன், காற்றிலும் தூசியிலும் பாத்திரத்திலும் இருந்த ஈயம் தம் கணக்கைக் குலைப்பதைக் கண்டு, தூசு நீக்கிய தனி ஆய்வறையை அமைத்தார். அதன் பாடம் இன்று ஒவ்வொரு நீர் ஆய்வகத்திலும் விதியாக உள்ளது. உலோகச் சோதனைக்கான புட்டியை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். மாதிரி எடுத்ததும் நைட்ரிக் அமிலம் சேர்த்துக் காரஅமிலத்தன்மையை 2க்குக் கீழே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் புட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தூய நீரை மட்டும் நிரப்பிய வெற்று மாதிரி ஒன்றும் அதே பாதையில் பயணம் செய்ய வேண்டும். அதிலும் ஈயம் தெரிந்தால் அது கிணற்று ஈயம் அல்ல.

ஆவியில் பூச்சிமருந்து

பருத்திக்கும் காய்கறிக்கும் மருந்தடிப்பது கொங்கு நாட்டு வேளாண்மையின் அன்றாடம். அடித்த மருந்தில் எவ்வளவு நீருக்கு வந்தது என்ற கேள்விக்கு நிறச் சோதனை உதவாது. நூற்றுக்கணக்கான கரிமச் சேர்மங்கள் ஒன்றோடொன்று ஒத்த உருவில் கலந்திருக்கும். அவற்றை முதலில் பிரிக்க வேண்டும், பிறகு அடையாளம் காண வேண்டும்.

பிரிக்கும் வழியை ஏ.டி.ஜேம்ஸ், ஏ.ஜே.பி.மார்ட்டின் இருவரும் 1952இல் வாயு நிறப்பிரிகை முறையாகத் தந்தார்கள். நீண்ட குழாயின் வழியே வாயு ஓட்டத்தில் ஆவியான சேர்மங்களைச் செலுத்தினால், குழாயின் உட்பூச்சோடு ஒட்டும் தன்மைக்கேற்ப ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் மறுமுனைக்கு வரும். அந்த முனையில் நிற்க ஒரு கூரிய காவலாளி தேவைப்பட்டது. 1957இல் ஜேம்ஸ் லவ்லாக் உருவாக்கிய எலெக்ட்ரான் கவர் உணரி அந்த இடத்தை நிரப்பியது. கதிரியக்கப் படலம் ஒன்று எலெக்ட்ரான்களை இடைவிடாமல் உமிழ்ந்து மின்னோட்டத்தை நிலையாக வைத்திருக்கும். குளோரின் கொண்ட மூலக்கூறு கடந்தால் எலெக்ட்ரான்களை விழுங்கும், மின்னோட்டம் சரியும். டி.டி.டி., லின்டேன், எண்டோசல்ஃபான் எல்லாம் குளோரின் கொண்டவை. உலகெங்கும் இவற்றின் எச்சம் பரவியிருப்பதை வெளிக்கொணர்ந்ததில் இந்தச் சிறிய உணரிக்குப் பெரும்பங்கு உண்டு.

கருவி எவ்வளவு கூர்மையானாலும் நீரை நேராக அதில் செலுத்த முடியாது. ஒரு லிட்டர் நீரைப் பிரிபுனலில் ஊற்றி, டைகுளோரோமீத்தேன் சேர்த்துக் குலுக்குவார்கள். மருந்து எச்சம் நீரைவிட்டுக் கரைப்பானுக்குத் தாவும். கீழே தங்கிய கரைப்பானை வடித்து, ஈரம் உறிஞ்சி, மெதுவாக ஆவியாக்கி ஒரு மில்லிலிட்டராகச் சுருக்குவார்கள். ஒரு லிட்டரில் இருந்தது ஒரு மில்லிலிட்டருக்குள் வந்ததால் செறிவு ஆயிரம் மடங்காகும். அதில் ஒரு மைக்ரோலிட்டரைத்தான் கருவி கேட்கும். பின்னாளில் வந்த திண்மநிலைப் பிரித்தெடுப்பு, விரல் அளவுக் குழலில் அடைத்த உறிஞ்சுபொருள் வழியே நீரைச் செலுத்தி இதே வேலையைக் குறைந்த கரைப்பானில் முடித்தது.

கோவைக்கு இதில் தனி இடம் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் காய்கறி, மண், நீர் ஆகியவற்றில் பூச்சிமருந்து எச்சம் தேடும் ஆய்வகம் இயங்குகிறது. ஆனைகட்டியில் 1990இல் தொடங்கிய சாலிம் அலி பறவையியல் மையம், பறவைகளின் உடலில் சேரும் எச்சங்களை அளந்தது. நீரில் மைக்ரோகிராமாக இருப்பது உணவுச் சங்கிலியில் ஏறிப் பறவையின் கொழுப்பில் பல மடங்காகச் சேர்வதால், நீரில் பிடிபடாததைப் பறவை காட்டிக்கொடுப்பதும் உண்டு.

சுத்திகரிப்பே உண்டாக்கும் பொருட்களும் இதே கருவியில் வெளிப்பட்டன. ராட்டர்டாம் நகரின் ஜொஹானஸ் ரூக் 1974இல், குளோரின் கலந்த ஆற்று நீரில் குளோரோஃபார்ம் போன்ற சேர்மங்கள் பிறப்பதைக் காட்டினார். இலைதழை மக்கிய பொருட்களோடு குளோரின் வினைபுரிவதே காரணம். ஐ.எஸ். 10500இன் 2012 பதிப்பு குளோரோஃபார்முக்கு 0.2 மில்லிகிராம் வரம்பு வைத்துள்ளது. கிருமியால் வரும் கேடு இதைவிடப் பெரிது என்பதால் குளோரின் கைவிடப்படவில்லை.

வரம்பு என்ற எண்

இந்தியாவில் ‘தென்படவில்லை’ என்ற சொல் பொதுவிவாதத்துக்கு வந்தது 2003 பிப்ரவரியில். தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், கடைகளில் விற்ற புட்டிக் குடிநீரில் பூச்சிமருந்து எச்சங்கள் இருப்பதாக ஆய்வை வெளியிட்டது. நிறுவனங்கள் விதியை மீறவில்லை என்றே வாதிட முடிந்தது. ஏனெனில் அன்றைய விதி, எச்சம் ‘கண்டறியும் வரம்புக்குக் கீழே’ இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னது. குறிப்பிட்டிருந்த சோதனை முறையோ அவ்வளவு கூர்மையானதல்ல. மங்கலான கருவியில் சோதித்தால் எந்த நீரும் தேறிவிடும். விதி திருத்தப்பட்டது. ஒரு மருந்துக்கு லிட்டருக்கு 0.0001 மில்லிகிராம், அனைத்தும் சேர்ந்து 0.0005 மில்லிகிராம் என்ற எண்கள் 2004 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன.

கண்டறியும் வரம்பைக் கணக்கிடும் முறை 1960களிலிருந்து புள்ளியியலாக வளர்ந்தது. லாயிட் கரி 1968இல், தெரிகிறது என்று துணிந்து சொல்வதற்கும் இவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வதற்கும் வெவ்வேறு வரம்புகள் வேண்டும் என்று நிறுவினார். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1980களில் கொண்டுவந்த வழி ஆய்வகங்களில் பரவலானது. தூய நீரில் மிகச் சிறிய, தெரிந்த அளவு பொருளைச் சேர்த்து, அதே மாதிரியை ஏழு முறை முழுதாகச் சோதிக்க வேண்டும். ஏழு விடைகளும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். அந்த வேறுபாட்டின் திட்ட விலக்கத்தை 3.14ஆல் பெருக்கினால் கண்டறியும் வரம்பு. திட்ட விலக்கம் 0.02 என்றால் வரம்பு ஏறத்தாழ 0.063. அதற்குக் கீழே கருவி காட்டும் எண், பொருளா கருவியின் நடுக்கமா என்று சொல்ல முடியாது. ஒரே கருவியை வைத்திருக்கும் இரண்டு ஆய்வகங்களுக்கு இந்த வரம்பு ஒன்றாக இருக்காது. சோதிப்பவரின் கையும் இந்தக் கணக்கில் சேர்ந்தது.

எல்லை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. நீர் ஒட்டாத துணிப்பூச்சுகளிலும் தீயணைப்பு நுரைகளிலும் பயன்படும் ஃபுளோரின் சேர்ந்த செயற்கைச் சேர்மங்கள் இரண்டுக்கு, அமெரிக்கா 2024 ஏப்ரலில் குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராம் என்ற வரம்பை அறிவித்தது. 12,000 லிட்டர் லாரியில் அது 0.048 மில்லிகிராம். திரவ நிறப்பிரிகையோடு இணைந்த நிறைநிறமாலைக் கருவியால் மட்டுமே அதை எட்ட முடியும். ஐ.எஸ். 10500இன் 2012 பதிப்பில் இவற்றுக்கு வரி இல்லை. 1931க்கு முன் ஃபுளோரைடு எங்கே இருந்ததோ அங்கே இவை இருந்தன.

இன்று கொங்கு மாவட்டங்களில் குடிநீர் வடிகால் வாரியமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஆய்வகங்கள் வைத்துள்ளன. கல்லூரி, தனியார் ஆய்வகங்களும் உண்டு. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்கள் கள ஆய்வுப் பெட்டியில் பயிற்சி பெறுகிறார்கள். பெட்டி ஃபுளோரைடு, நைட்ரேட்டு, இரும்பு, கடினத்தன்மை போன்றவற்றைச் சொல்லும். ஈயத்துக்கும் பூச்சிமருந்துக்கும் மாதிரி ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

அங்கிருந்து வரும் அறிக்கையில் ‘கண்டறியும் வரம்புக்குக் கீழே’ என்பதைப் பி.டி.எல். என்று சுருக்கியோ, ‘தென்படவில்லை’ என்று விரித்தோ ஒரு வரி இருக்கும். அதன் பக்கத்தில் சோதனை முறையும் கண்டறியும் வரம்பும் எண்ணாக அச்சிட்டிருக்க வேண்டும். அந்த எண் குடிநீர்த் தரத்தின் வரம்பைவிடக் குறைவாக இருந்தால்தான் வரிக்குப் பொருள் உண்டு. ஈயத்தின் வரம்பு 0.01 மில்லிகிராம் என்றிருக்க, 0.05 வரை மட்டுமே பார்க்கக்கூடிய கருவி ‘தென்படவில்லை’ என்று சொன்னால், அந்தத் தண்ணீர் இன்னும் சோதிக்கப்படவில்லை.